நோய் தீர்ந்தபின்: ஓர் அறவியல் நோக்கு

நோய் யாது என வினவினால் விடை கூறுவதற்கு வைத்திய நூல்கள் உள்ளன. நோய் தீர்தல் யாது என வினவினால் அந்நூல்கள் பாதி விடையையே தருகின்றன. உடலிலே நோயின் அடையாளம் எதுவும் எஞ்சவில்லை என வைத்தியர் அறிவிக்கும் நாளோடு வைத்தியத்தின் கடமை பெரும்பாலும் நிறைவெய்துகின்றது. ஆனால், அவ்வறிவிப்பைப் பெற்றுக்கொண்டு வைத்தியசாலை வாயிலைக் கடந்து வருகின்ற மனிதனுக்கு அன்றுதான் வேறொரு வினா தொடங்குகின்றது. அவன் இனி யார்? நோய்க்கு முன்பிருந்தவன்தானா, வேறொருவனா? அவனிடம் எதனை எதிர்பார்க்கச் சமூகத்துக்கு உரிமை உண்டு? அவன் சமூகத்துக்கும் தன்னைச் சார்ந்தோருக்கும் எதனைக் கடனாகக் கொண்டுள்ளான்? இவை வைத்தியவியலுக்குரிய வினாக்கள் அல்ல, அறவியலுக்குரியன.

ஆணின் விதையிலே தோன்றும் புற்றுநோய் இவ்வினாக்களை ஏனைய நோய்களைக் காட்டிலும் கூர்மையாக எழுப்புகின்றது. அதற்குக் காரணங்கள் இரண்டு. புற்றுநோய்கள் பெரும்பாலும் முதுமையை நாடி வருவன. இந்நோயோ 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்ட இளைஞரையே மிகுதியாகப் பற்றுகின்றது. வேறு வகையிற் கூறுவதாயின், விரிவுரை மண்டபங்களை நிரப்புகின்ற வயதினரையும், படிப்பை முடித்துத் தொழில் தேடும் வயதினரையும், மணவாழ்வை எண்ணத் தொடங்கும் வயதினரையுமே அது நாடுகின்றது. இரண்டாவதாக, இது தீர்க்கத்தக்க நோய். காலத்தோடு கண்டறியப்படுமாயின் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பிழைக்கின்றனர்; உடலெங்கும் பரவிய நிலையிலும் பெரும்பாலோரைக் காத்தல் கூடும். ஆகவே இந்நோயினின்று மீண்டவனுக்கு முன்னே கிடப்பது நாற்பது, ஐம்பது ஆண்டு வாழ்வு. எவ்வாறு சாவது என்பதன்று அவனது பிரச்சினை. எவ்வாறு வாழ்வது என்பதே.

இந்நிலை என்றும் இருந்ததன்று. இத்தாலிய இரசாயனவியலாளர் மிக்கேலே பெய்றோனே 1844இல் பிளாற்றினம் என்னும் உலோகத்தின் சேர்வை ஒன்றை உருவாக்கினார். நூற்றிருபது ஆண்டுகள் அது ஆய்வுகூடப் பொருளாகவே இருந்தது. 1965இல் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெற் றோசன்பேர்க் என்பார் மின்புலம் பற்றீரியாக்களின் வளர்ச்சியை எவ்வாறு பாதிக்கின்றது என ஆராய்ந்துகொண்டிருந்தார். பற்றீரியாக்கள் பிரிவடையாது நீண்ட இழைகளாக வளர்ந்தமை அவரை வியப்பில் ஆழ்த்தியது. காரணம் மின்சாரமன்று, மின்வாய்களிலிருந்து கரைந்த பிளாற்றினச் சேர்வையே எனப் பின்னர் தெரியவந்தது. கலப்பிரிவைத் தடுக்கும் பொருள், கட்டுக்கடங்காது பிரிகின்ற புற்றுக் கலங்களையும் தடுக்கலாமன்றோ? இவ்வெண்ணத்தின் விளைவே சிஸ்பிளாற்றின் என்னும் மருந்து.

1974இல் இன்டியானா பல்கலைக்கழக வைத்தியர் லோறன்ஸ் ஐன்ஹோர்ன் இம்மருந்தை வேறிரு மருந்துகளோடு சேர்த்து, நுரையீரல் வரை நோய் பரவியிருந்த ஜோன் கிளீலண்ட் என்ற இளைஞருக்குச் செலுத்தினார். முந்திய சிகிச்சைகள் யாவும் பயனளியாத நிலையில் இருந்த அவ்விளைஞரின் உடலிலிருந்து சில வாரங்களிற் கட்டிகள் மறைந்தன. 1977இல் வெளியான முதல் அறிக்கையின்படி 47 நோயாளரில் 35 பேரிடம் நோய் முற்றாக மறைந்திருந்தது. அதுவரை பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது என்றிருந்த நோய்க்கு 1978இல் அங்கீகாரம் பெற்ற மருந்தொன்று கிடைத்தது.

எனினும், இம்மருந்து விலையின்றிக் கிடைப்பதன்று. கடும் வாந்தியும் மயிருதிர்வும் சிகிச்சைக் காலத்தோடு நீங்குவன. நீங்காதவையும் உள. சிலருக்குக் காதினுள் ஓயாத இரைச்சல் தங்கிவிடும். சிலருக்கு விரல் நுனிகளில் மரப்பு நிலைத்துவிடும். சிறுநீரகமும் இதயமும் பிற்காலத்திற் பாதிப்புறலாம். பிள்ளைப்பேற்றுக்குரிய ஆற்றல் சில காலம் குன்றலாம், சிலரிடம் மீளாமலும் போகலாம். சிகிச்சை முடிந்து இருபது ஆண்டுகள் சென்ற பின்னரும் சிலரது குருதியிற் பிளாற்றினத்தின் சுவடு காணப்பட்டுள்ளது. உயிரைக் காத்த உலோகம் உடலிலேயே குடியிருக்கின்றது. 'எல்லாம் பழையபடி ஆகிவிட்டது' என்று உறவினர் கூறும் வேளையிலும் அந்த உடல் அவ்வாறு கூறுவதில்லை.

அவ்வாறாயின் மீண்டவன் பழையவனா, புதியவனா? இவ்வினாவுக்குக் கண்டி மண்ணுக்கு அந்நியமல்லாத பழைய விடையொன்று உண்டு. மிலிந்தன் என்னும் அரசனுக்கும் நாகசேனர் என்னும் பிக்குவுக்கும் நிகழ்ந்த உரையாடலாக அமைந்த பாளி நூல், கீர்த்தி சிறீ ராஜசிங்கன் கண்டியிலிருந்து ஆண்ட 18ஆம் நூற்றாண்டிற் சிங்களத்திற் பெயர்க்கப்பட்டது. தொட்டிலிற் கிடந்த குழந்தையும் இன்று அரியணையில் இருக்கும் மன்னனும் ஒருவரா, இருவரா என்பது அங்கு எழும் வினா. இரவு முழுவதும் எரியும் விளக்கை நாகசேனர் உவமை காட்டுகின்றார். முதற் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றெனவும் கூறுதற்கில்லை, வேறெனவும் கூறுதற்கில்லை. ஒரே விளக்கைப் பற்றியே சுடர் தொடர்கின்றது. நோயினின்று மீண்டவன் நிலையும் இத்தகையதே. அவன் அவனேயல்லன், பிறனுமல்லன். இதனை ஏற்றுக்கொள்ள மறுப்பதிலிருந்தே சமூகம் அவனுக்கு இழைக்கும் தவறுகள் தொடங்குகின்றன. அத்தவறுகளை மூன்றாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, பழையவனாகவே திரும்பி வா எனக் கட்டளையிடுதல். இதற்கு யுவராஜ் சிங்கின் வாழ்வு தக்க சான்றாகும். 2011 மார்ச் 20ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கெதிராக ஆடுகளத்திலேயே வாந்தியெடுத்தவாறு அவர் 113 ஓட்டங்களைக் குவித்தார். அவ்வுலகக் கிண்ணத் தொடரில் 362 ஓட்டங்களும் 15 விக்கெட்டுகளும் பெற்றுத் தொடர் நாயகனாகத் தெரிவானார். இறுதியாட்டத்தில் இந்தியாவிடம் தோற்றது இலங்கையாதலால் இந்நாட்டவர் அதனை எளிதில் மறவார். பின்னரே அவரது இரு நுரையீரல்களுக்கும் இடையிற் கட்டியொன்று கண்டுபிடிக்கப்பட்டது. தோன்றிய இடம் நெஞ்சாயினும், விதைப் புற்றுநோயின் இனத்தைச் சேர்ந்ததே அக்கட்டி. மருந்தும் அதே சிஸ்பிளாற்றின் வழி வந்ததே. 2012இன் தொடக்கத்தில் அதே இன்டியானா பல்கலைக்கழகத்தில், அதே ஐன்ஹோர்னின் மேற்பார்வையில் அவர் சிகிச்சை பெற்று மீண்டார். செப்டெம்பர் 11ஆம் நாள் அதே சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மீண்டும் இந்திய அணிக்கு ஆடியபோது மக்கள் எழுந்து நின்று வரவேற்றனர்.

கதை அங்கு முடிந்திருப்பின் அது இனிய கதையாகும். 2014 ஏப்ரில் 6ஆம் நாள் டாக்கா நகரில் இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. யுவராஜ் 21 பந்துகளில் 11 ஓட்டங்களே பெற்றார். கண்டித் திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவரான குமார் சங்கக்கார ஆட்டமிழக்காது 52 ஓட்டங்கள் பெற, இலங்கை வென்றது. இந்நாடு மகிழ்ந்த அவ்வேளையிற் சண்டிகரில் இருந்த யுவராஜின் இல்லத்தின்மீது கல்லெறியப்பட்டது. இரண்டாண்டுகளுக்கு முன் அவர் உயிரோடு திரும்பியதே போதும் என்று இறைவனுக்கு நன்றி கூறிய அதே சமூகம், அவர் மெதுவாக ஆடியமையைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 'பிழைத்து வா' என்ற வாழ்த்துக்குள் 'பழையபடி வா' என்ற நிபந்தனை மறைந்திருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2017 ஜனவரியில் கட்டாக்கில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் 150 ஓட்டங்கள் பெற்றார். அவரது ஒருநாள் ஆட்ட வாழ்வின் மிகக்கூடிய ஓட்டம் அதுவே. ஆனால், அவ்வோட்டங்களால் அவர் வாழும் உரிமையை மீட்டுக்கொண்டார் எனக் கருதுவோமாயின் கல்லெறிந்தோரின் அறமே நம் அறமாகிவிடும். ஒரு மனிதன் 11 ஓட்டங்கள் பெற்ற நாளிலும் 150 ஓட்டங்கள் பெற்ற நாளிலும் சம அளவிலேயே மீண்டவன்.

இரண்டாவது தவறு, துன்பம் மனிதனைத் தூயவனாக்கும் என நம்புதல். சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் 1996 ஒக்டோபரில், 25 வயதில், விதைப் புற்றுநோய்க்கு ஆளானார். வயிறு, நுரையீரல், மூளை ஆகியவற்றுக்கு நோய் பரவியிருந்தது. அவரும் இன்டியானா பல்கலைக்கழகத்திலேயே சிகிச்சை பெற்றுப் பிழைத்தார். 1999 முதல் 2005 வரை பிரான்ஸ் நாட்டுப் பெருஞ்சுற்றுப் போட்டியை ஏழு முறை வென்றார். உலகம் அவரை வீரராக மட்டுமன்றி ஞானியாகவும் போற்றியது. ஊக்க மருந்து பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 2012இல் ஏழு வெற்றிகளும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இங்குக் கருதத்தக்கது அவரது வீழ்ச்சியன்று. அவரை ஏற்றிவைத்த பீடமே. கட்டியொன்று உடலில் தோன்றுவதும் மறைவதும் கலங்களின் செயல். அதிலே நல்லொழுக்கத்தைக் காண்பது எத்துணைப் பிழையோ, அத்துணைப் பிழை தீயொழுக்கத்தைக் காண்பதும். 'எந்தப் பிறப்பிற் செய்த வினையோ' என்று நோயாளியின் காதுபடக் கூறும் உறவினரும், 'நோயை வென்ற உத்தமன்' என்று மாலையிடும் உலகமும் ஒரே தவற்றையே இரு திசைகளிலிருந்து செய்கின்றனர். வினைக்கொள்கையின் ஆழ்ந்த தத்துவம் வேறு. படுக்கையிற் கிடப்பவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் வேறு. பிழைத்தவன் நல்லவனாகவும் இருக்கலாம், பொய்யனாகவும் இருக்கலாம். அது நோய் தீர்ந்த பின்னரும் நாள்தோறும் அவன் தெரிந்தெடுக்க வேண்டிய ஒன்று. பிழைக்காது மாண்டவர் போராடாது மாண்டவருமல்லர்.

மூன்றாவது தவறே தமிழ்ச் சமூகத்தை மிக அணுக்கமாகத் தொடுவது. அது மௌனம். தமிழில் அவ்வுறுப்புக்கு விதை என்றே பெயர். வித்து, வமிசம், குலத்தொடர்ச்சி என்ற எண்ணங்கள் யாவும் அப்பெயரைச் சுற்றியே பின்னப்பட்டுள்ளன. ஆகவே அங்கு வந்த நோய் உடல்நோயாகக் கருதப்படாது குலநோயாகக் கருதப்படுகின்றது. இந்நோய் பெரும்பாலும் நோவற்ற சிறு தடிப்பாகவே தொடங்கும். நோவில்லாததை எவரிடமும் காட்டத் தேவையில்லை என்று இளைஞன் எண்ணுகின்றான், காட்டுவதற்கு வெட்கப்படுகின்றான். ஹந்தானை மலையடிவார விடுதி அறையில் வாழும் மாணவனுக்கும் மலைத்தோட்ட லயத்தில் வாழும் தொழிலாளிக்கும் இவ்வெட்கம் பொதுவானது. எளிதில் தீர்க்கத்தக்க நோய், வெட்கம் கடத்திய மாதங்களிலேயே அரிதில் தீர்க்க வேண்டிய நோயாகின்றது. சிகிச்சைக்கு முன் விந்தணுவைச் சேமித்து வைக்கும் வழி இன்று உண்டு. ஆனால் அதற்கு ஒருவர் கேட்கவும் மற்றவர் விடை கூறவும் வேண்டும். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் நோக்காது நிலத்தை நோக்கி நிற்கும் கணத்தில் அவ்வாய்ப்பு கடந்துபோய்விடலாம்.

இம்மௌனத்துக்கு வேராக இருப்பது ஆண்மை என்ற சொல்லைப் பற்றிய மயக்கம். அச்சொல்லை ஓர் உறுப்பினுள் அடைத்துவைத்தது பிற்கால வழக்கே. தாளாண்மை என்றால் முயற்சி. வேளாண்மை என்றால் பிறர்க்கு உதவுதல். இவற்றிலெல்லாம் பேசப்படுவது ஆளும் தன்மையே. வள்ளுவர் பேராண்மை என்ற சொல்லைப் பிறன் மனைவியை விரும்பாத ஒழுக்கத்துக்கு வழங்குகின்றார். துன்புற்ற பகைவனுக்கு உதவுதலை ஊராண்மை என்கின்றார். இவற்றுள் எதுவும் அறுவைச் சிகிச்சையால் அகற்றத்தக்கதன்று. மேலும், இரு விதைகளுள் ஒன்றை இழந்தோரிற் பெரும்பாலோருக்கு எஞ்சிய ஒன்றே இல்வாழ்வுக்கும் மகப்பேற்றுக்கும் போதுமானதாகின்றது. உண்மை இவ்வாறிருக்க, அச்சம் மட்டும் பழைய உருவிலேயே நிற்கின்றது.

இவ்விடத்திலேதான் மீண்டவனின் சொந்தக் கடமை பற்றிய கடினமான வினா எழுகின்றது. திருமணம் பேசப்படும்போது அவன் நோயைச் சொல்லுவதா, மறைப்பதா? மறைக்கலாம் என்போர் கூறும் நியாயம் புறக்கணிக்கத்தக்கதன்று. நோய் தீர்ந்துவிட்டது, தீர்ந்ததைச் சொல்லி வாழ்வைக் கெடுத்துக்கொள்வானேன்? அவனுக்குத் தங்கைமார் இருப்பின் 'பரம்பரை நோய்' என்ற பேச்சு அவர்களது வாழ்வையும் பாதிக்குமன்றோ? இவ்வச்சங்கள் கற்பனையல்ல.

எனினும், மறைத்தலின் பயனை அவன் பெற, அதன் சுமையை யார் சுமக்கின்றார் என்பதை நோக்குதல் வேண்டும். சிகிச்சையின் விளைவாகப் பிள்ளைப்பேறு வாய்க்காது போனால் ஊர் அவனிடம் காரணம் கேட்பதில்லை. மலடி என்ற பழி அவன் மனைவியின்மீதே விழுகின்றது. தான் செய்யாத குற்றத்துக்காக, தான் அறியாத காரணத்துக்காக, அவள் கோவில் கோவிலாக நேர்த்திக்கடன் செலுத்துகின்றாள். உண்மையை அறிந்த ஒருவன் அருகிலிருந்து அதனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். மௌனம் இங்குத் தற்காப்பு என்ற நிலையைக் கடந்து கொடுமையாகிவிடுகின்றது. தன் உடலில் நிகழ்ந்தது தன் சம்மதமின்றி நிகழ்ந்தது என்ற வேதனையை அறிந்தவன், இன்னொருவரது வாழ்வைப் பற்றிய முடிவை அவரது அறிவின்றி எடுப்பது எவ்வாறு பொருந்தும்?

ஆகவே, உண்மை எவருடைய வாழ்வின் முடிவைப் பாதிக்குமோ அவருக்கு அதனை அறியும் உரிமை உண்டு. ஏனையோருக்கு அவ்வுரிமை இல்லை எனக் கொள்ளலாம். மணக்கப்போகின்றவளிடம் அவன் சொல்லக் கடமைப்பட்டவன். தரகரிடமும், தூரத்து உறவினரிடமும், ஊராரிடமும் சொல்லக் கடமைப்பட்டவனல்லன். அவள் மறுப்பாளாயின் அம்மறுப்பு அவளது உரிமை. அவன் இழப்பது பெரிதாயினும் அவளது சுதந்திரத்தைத் திருடிப் பெறும் வாழ்வினும் அவ்விழப்புக் குற்றமற்றது. அதே வேளையில், உண்மை சொன்னவனைத் தண்டித்துப் பொய் சொன்னவனுக்குப் பெண் கொடுக்கின்ற சமூகம் அப்பொய்யிற் பங்குடையது என்பதையும் மறுத்தற்கில்லை. உண்மையை எதிர்பார்ப்போர் அதனைத் தாங்குவதற்கும் பழகுதல் வேண்டும்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள் வைத்தியத்தை நான்கு கூறாக வகுக்கின்றது: நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவன். நோய் தீர்ந்தபின் நிகழ்வதை நோக்குவோமாயின், வைத்தியன் அடுத்த நோயாளியிடம் செல்கின்றான். மருந்து நிறுத்தப்படுகின்றது. பணிவிடை செய்தோரும் தத்தம் வேலைக்குத் திரும்புகின்றனர். நோயுற்றவன் ஒருவனே எஞ்சுகின்றான். இரவிற் சிறு இருமல் வந்தாலும் நோய் திரும்பிற்றோ என அஞ்சுவதும், ஒவ்வொரு பரிசோதனைக்கு முந்திய நாளும் உறக்கமற்றிருப்பதும் அவனுக்கே உரியன. வைத்தியனும் மருந்தும் விலகுவது முறையே. நான்காமவர் விலகுதல் கூடாது. முதல் மாதத்திற் பழங்களோடு வந்தவர்கள் பதினைந்தாம் மாதத்தில் வெறுங்கையோடேனும் வருவார்களாயின் அதுவே பெரும் மருந்தாகும். அப்பொழுது அவன் அச்சமாக இருக்கிறது என்று சொன்னால், 'அதெல்லாம் முடிந்துவிட்டதே' என்று வாயை அடைக்காது கேட்டிருத்தலே உழைச்செல்வான் செய்யத்தக்க பணி.

மீண்டவனுக்கும் ஒரு கடன் உண்டு. கண்டித் தேசிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் மருந்து ஏற்றிக்கொள்பவன் அதற்குப் பணம் செலுத்துவதில்லை. மலையிற் கொழுந்து பறிப்பவளும், வயலில் உழுபவனும், சந்தையில் மூட்டை சுமப்பவனும் செலுத்திய வரியே அவன் நரம்பில் இறங்குகின்றது. அதற்கு முன், எந்த அளவு மருந்து உயிரைக் காக்கும், எந்த அளவு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எவரும் அறியாத நாளில், தம் உடலையே சோதனைக்கு ஒப்படைத்து மாண்டவர்களும் உளர். அவர்களுட் பலரின் பெயரை எவரும் அறியார். அவர்களுக்குக் கடனைத் திருப்பிச் செலுத்த வழியில்லை. பின்வருவோருக்குச் செலுத்தவே வழியுண்டு.

அதற்குப் பெருஞ்சாதனை வேண்டியதில்லை. இம்மருந்தால் முதலிற் காக்கப்பட்ட ஜோன் கிளீலண்ட் உலகக் கிண்ணம் எதனையும் வெல்லவில்லை; பாடசாலையொன்றில் உயிரியல் ஆசிரியராகப் பணிபுரிந்தார். கலம் எவ்வாறு பிரிகின்றது என்பதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது உயிரியல் ஆசிரியரின் தொழில். இவ்வாறே, வெட்கத்தால் மறைத்துக்கொண்டிருக்கும் இளையவன் ஒருவனிடம், 'எனக்கும் இது வந்தது; நாளைக்கே வைத்தியரிடம் போவோம், நானும் கூட வருகிறேன்' என்று மீண்டவன் ஒருவன் சொல்வானாயின் அவன் கடன் பெரும்பகுதி தீர்ந்துவிடும். வள்ளுவர் கூறிய ஆண்மையும் அவனிடத்தே குறைவின்றி இருக்கும்.